உங்களுக்குத் தெரியுமா? 15 கிராம் கேனரியின் அட்டகாசங்கள்!

கேனரி என்றதும் பளீர் மஞ்சள்தானே கண்முன் வருகிறது? அது வளர்ப்புக் கேனரி! காட்டுக் கேனரியைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த உடம்பு, முதுகு முழுக்கப் பழுப்புக் கோடுகள். புதரில் உட்கார்ந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தப் பளீர் மஞ்சள், மனிதன் கூண்டில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த மஞ்சள்!

எடை எவ்வளவு என்கிறீர்கள்? சராசரியாக 15 கிராம். தராசின் ஒரு தட்டில் நம் இருபது ரூபாய் நாணயங்கள் இரண்டை வையுங்கள். குருவி இருக்கும் தட்டு மேலே போய்விடும்!

சொந்த ஊர் அட்லாண்டிக் கடலின் நடுவே. ஸ்பெயின் வசம் உள்ள கேனரித் தீவுகள், போர்ச்சுகல் வசம் உள்ள அசோர்ஸ், மதீரா. இந்தத் தீவுக்கூட்டங்களை விட்டால் உலகில் வேறெங்கும் இது இயற்கையாகக் கிடையாது!

கேனரித் தீவுகளில் 80,000 முதல் 90,000 ஜோடிகள். அசோர்ஸில் 30,000 முதல் 60,000. மதீராவில் வெறும் 4,000, மிஞ்சிப்போனால் 5,000!

வேடிக்கை என்னவென்றால், கேனரித் தீவுகளிலேயே கேனரிக்குப் பிடிக்காத தீவுகள் இரண்டு உண்டு. லான்சரோட்டே, ஃபுவெர்ட்டவென்ட்யூரா. வறண்டு கிடக்கும் இந்தத் தீவுகளில் அது குடும்பம் நடத்தத் தொடங்கியதே அண்மையில்தான். பேர் வைத்த வீட்டிலேயே விருந்தாளி!

1991-ல் கேனரித் தீவுகள் ஒரு சட்டமே போட்டு இந்தக் குருவியைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டன. ஆனால் அங்கே தீவுக்குத் தீவு தனிச் சின்னம் வேறு உண்டு. பெரிய தீவான டெனரீஃப் எதைத் தேர்ந்தெடுத்தது? கேனரியை அல்ல, அங்கேயே வாழும் நீல நிற ஃபின்ச் ஒன்றை!

கேனரி அசல் ஃபின்ச் குடும்பம். “டார்வினின் ஃபின்ச்கள்” என்று கலாபகோஸ் தீவுப் பறவைகளுக்கு உலகப் புகழ் கிடைத்துவிட்டது அல்லவா? அவை ஃபின்ச்களே அல்ல, டனேஜர் வகையறா! புகழ் அவர்களுக்கு, குடும்பப் பெயர் நம்மாளுக்கு.

முட்டை வெளிர்நீலம். ஒரு தடவைக்கு 3 அல்லது 4. அடைகாக்க இரண்டே வாரம். ஒரே ஆண்டில் இரண்டு மூன்று ஈடு!

இனி பாட்டுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கேனரி தொண்டையால் பாடுவதில்லை! மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது அதன் குரல் உறுப்பு. இடப்பக்கம் தனி, வலப்பக்கம் தனி. இரண்டும் தனித்தனியாக ஒலி எழுப்பும். ஒரு உடம்பில் இரண்டு பாடகர்கள்!

அதில் இடப்பக்கம்தான் சீனியர். இடது நரம்பை வெட்டினால் பாட்டில் பெரும்பகுதி போய்விடுகிறது. வலது நரம்பை வெட்டினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. 1970-களின் தொடக்கத்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்!

பிருகா பாடுகிறவர்கள் கவனிக்க. கேனரி நொடிக்கு 25-க்கும் மேற்பட்ட ஒலித்துணுக்குகளைப் பொழியும். மூச்சு எப்போது வாங்குகிறது? ஒவ்வொரு துணுக்குக்கும் நடுவில்! நொடிக்கு 25 தடவைக்கு மேல் குட்டிக் குட்டி மூச்சு. அதனால்தான் அத்தனை நீளமாக இழுத்துப் பாடியும் அதற்குத் தம் தீர்வதில்லை!

பெட்டைகள் சாதாரண ரசிகைகள் அல்ல. ஆண் பாடும் பாட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்தால்தான் சொக்கிப்போகும். இரட்டைக் குரலில், நொடிக்கு 16-க்கும் மேல் வேகத்தில் வரும் துணுக்குகள். பிரான்ஸ் ஆய்வாளர்கள் அதற்குக் கூச்சமே இல்லாமல் “செக்ஸி” துணுக்குகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! கவர்ச்சியான பாட்டைக் கேட்ட பெட்டைகள் முட்டையையே பெரிதாக இட்டன என்றும் ஓர் ஆய்வு உண்டு. ரசனை முட்டை வரைக்கும் போகிறது!

பெட்டை பெரும்பாலும் பாடாது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுங்கள். சில வாரங்களில் ஆண் மாதிரியே பாடத் தொடங்கிவிடும்!

அடுத்தது நான் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்த செய்தி.

வளர்ந்த பிறகு மூளையில் புது நரம்பணு பிறக்காது, இருப்பதை வைத்துத்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும் என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் யார்? கேனரி! நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நாட்டபாம் என்ற அர்ஜென்டினாக்காரர் கேனரிகளின் மூளையை அளந்துகொண்டிருந்தார். 1981-ல் அறிவித்தார். ஆண் கேனரியின் மூளையில் பாட்டுக்கென்று உள்ள ஒரு பகுதி இலையுதிர்காலத்தில் சுருங்குகிறது, வசந்தத்தில் மறுபடி பெருக்கிறது. எவ்வளவு? கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இரண்டே ஆண்டுகள். 1983-ல் அவரும் ஸ்டீவன் கோல்ட்மனும் அடுத்த குண்டைப் போட்டார்கள். முழுதாக வளர்ந்த கேனரியின் மூளையில் புத்தம்புது நரம்பணுக்கள் பிறக்கின்றன! அடுத்த ஆண்டே, அவை சும்மா இல்லை, வேலையும் செய்கின்றன என்று காட்டிவிட்டார்கள். மனித மூளை பற்றிய ஒரு பெரிய விவாதத்தையே 15 கிராம் குருவி கிளப்பிவிட்டது!

ஒருமுறை கற்ற பாட்டையே ஆயுள் முழுக்கப் பாடும் பறவைகள் ஏராளம். கேனரி அப்படியல்ல. ஆண்டுதோறும் பழையதில் கொஞ்சம் விடும், புதிதாகக் கொஞ்சம் சேர்க்கும். போன சீசன் கச்சேரி இந்த சீசனில் கிடையாது!

பெல்ஜியத்தில் வாட்டர்ஸ்லாகர் என்றொரு இனம். தண்ணீர் சலசலப்பதுபோலப் பாடுவதில் பேர்போனது. பரிசோதித்துப் பார்த்தால் பிறவியிலேயே காது மந்தம்! உள்காதில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் மற்ற கேனரிகளைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. குறையும் குரலும் ஒரே பரம்பரையில்!

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் சாங்க்ட் ஆன்ட்ரியாஸ்பெர்க் என்றொரு சுரங்க ஊர். சுரங்கத்தில் உழைத்து வீடு திரும்பிய தொழிலாளர்கள் பக்கவருமானத்துக்குக் கேனரி வளர்த்தார்கள். அங்கே உருவான “ஹார்ஸ் ரோலர்” இனம் அலகை மூடிக்கொண்டே பாடும்! ஊரில் இன்றைக்கும் கேனரிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கே தெரியுமா? பழைய சுரங்க வளாகத்துக்குள்ளேயே!

18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ் சீமாட்டிகள் கேனரிக்கு டியூஷன் எடுத்தார்கள். அதற்கென்றே கைப்பிடி சுற்றும் குட்டி இசைப்பெட்டி ஒன்றைச் செய்தார்கள். பேர் செரினெட். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள், குருவி மனப்பாடம் பண்ணும் வரை!

ப்ரெமன் நகரத்துக் கார்ல் ரைக் இன்னும் ஒரு படி மேலே. தன் கேனரிகளை நைட்டிங்கேல் மாதிரியே பாட வைத்துவிட்டார்!

1926-ல் மாக்ஸ் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவில் கப்பலிலிருந்து இறங்கினார். கையில் என்ன? ஆயிரக்கணக்கான கேனரிகள்! கடன் வாங்கிய நண்பர் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்தவை. அவற்றை விற்று ஆரம்பித்த வியாபாரம்தான் பிற்பாடு ஹார்ட்ஸ் என்ற பெரிய செல்லப்பிராணிப் பொருள் நிறுவனம். பாட்டுக்காரக் குருவியை வானொலியிலும் ஏற்றினார்கள். 1937-லிருந்து 1952 வரை, ஆர்கன் இசைக்குக் கேனரிகள் கூடவே பாடும் நிகழ்ச்சி. விளம்பரம் எதற்கு? பறவைத் தீனிக்கு!

காரம் சாப்பிடுவீர்களா? கேனரி உங்களைத் தோற்கடிக்கும்! 1870-களில் இங்கிலாந்துக் கண்காட்சிகளில் திடீரென்று ஆரஞ்சு நிறக் கேனரிகள் பரிசுகளை அள்ளின. சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகம். கழுவிப் பார்த்தாலும் போகவில்லை. ரகசியம் என்ன? இறகு முளைக்கும் பருவத்தில் சிவப்பு மிளகாய் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள்! பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்கவே உறைக்காது. நிறம் மட்டும் இறகுக்குப் போய்ச் சேரும்.

மிளகாய் தீர்ந்தால் நிறமும் போய்விடுமே! பரம்பரையாகவே சிவப்பு வேண்டும் என்று 1920-களில் கிளம்பினார் ஹன்ஸ் டுங்கர். ப்ரெமனில் பள்ளி ஆசிரியர், நம் கார்ல் ரைக்கின் கூட்டாளி. தென் அமெரிக்காவின் சிவப்பு சிஸ்கின் என்ற வேறொரு ஃபின்ச்சைக் கேனரியோடு இணைசேர்த்தார். மரபணுவை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பமெல்லாம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஒரு பறவையின் மரபணுவை இன்னொரு பறவைக்குக் கடத்தும் வேலை! அந்தச் சிவப்புக்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் பிடித்தது எப்போது? 2016-ல்! ஒரு சின்னச் சிக்கல் மட்டும் உண்டு. நிறமி உள்ள தீனியும் சேர்ந்தால்தான் சிவப்பு எடுபடும். மரபணு இருந்தும் சாப்பாடு இல்லாவிட்டால் வெளுப்புதான்!

இந்தக் கதையில் பாவம், சிஸ்கின். கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்து, இன்று அது அழிவின் விளிம்பில்.

தூய வெள்ளைக் கேனரிகளும் உண்டு. அவற்றில் ஒரு வகையின் உடம்பு மஞ்சள் நிறமியை உள்ளே வாங்கவே வாங்காது. அதே காரணத்தால் வைட்டமின் ஏ பற்றாக்குறை வேறு. அழகுக்கு மருந்துச் சீட்டு!

தலையில் கிராப்பு வெட்டியதுபோலக் கொண்டை வைத்த குளோஸ்டர் இனம். சுருள் சுருளாக இறகு புரளும் பாரிசியன். கழுத்தை வளைத்து நிற்கும் ஸ்பெயின் நாட்டு ஹிபோசோ. எல்லாம் ஒரே குருவி!

இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு 16-ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்கள் அகதிகளாக வந்தபோது கேனரிகளையும் கொண்டுவந்தார்கள். தறியோடு குருவியும் ஊரில் ஊன்றிவிட்டது. இன்றும் நாரிச் சிட்டி கால்பந்து அணிக்குச் செல்லப்பெயர் “கேனரிகள்”. மார்பில் கேனரிச் சின்னம், உடம்பில் மஞ்சள் சட்டை!

இனி சுரங்கம். இதைச் சொல்லாமல் கேனரியைப் பற்றி எழுதினால் எந்தச் சுரங்கத் தொழிலாளியும் மன்னிக்கமாட்டார்.

1896 ஜனவரி. வேல்ஸில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 பேர் பலி. விசாரிக்கப் போனார் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் விஞ்ஞானி. உடல்களைப் பார்த்தவர் சொன்னது எல்லோரையும் உலுக்கியது. பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடிப்பு அல்ல, அதற்குப் பிறகு பரவிய கார்பன் மோனாக்ஸைடு! நிறம் கிடையாது, மணம் கிடையாது. சத்தமில்லாத கொலைகாரன்.

மனிதனுக்கு முன்னால் மயங்கி விழக்கூடிய சின்ன உயிர் ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள் என்றார் ஹால்டேன். எலியும் வேலைக்கு வந்தது. ஆனால் கேனரிதான் ஜெயித்தது. காரணம், எலி தரையில் சுருண்டு கிடந்தால் தூங்குகிறதா மயங்கியதா தெரியாது. கேனரி கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வராது!

பறவையின் நுரையீரல் வேறு மாதிரி. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் புதுக்காற்று, வெளியே விடும்போதும் புதுக்காற்று. இதயமோ நிமிடத்துக்கு 500 துடிப்புகளை அநாயாசமாகத் தாண்டும். விஷமும் அதே வேகத்தில் ஏறும்!

1911-லிருந்து பிரிட்டன் சுரங்கங்களில் கேனரி முறையான ஊழியர். சும்மா சாகவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கூண்டின் மேலேயே ஆக்ஸிஜன் சிலிண்டர் பொருத்தியிருந்தது! குருவி விழுந்ததும் வட்டக் கதவைச் சட்டென்று மூடி வால்வைத் திறப்பார்கள். எழுந்து உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு கூண்டு மான்செஸ்டர் நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. என்னைக் கேட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எந்தக் கிரீடத்தையும்விட அந்தக் கூண்டுதான் பார்க்க வேண்டிய பொருள்!

வேலை பார்த்தபடியே தொழிலாளர்கள் குருவியிடம் விசிலடித்துப் பேசுவார்கள். 1986-ல் மின்னணுக் கருவி வந்தது. அரசு ஓய்வு கொடுத்தது. ஒரே அறிவிப்பில் 200-க்கும் மேற்பட்ட கேனரிகளுக்கு வேலை போச்சு!

ஹால்டேன் தன் மேலேயே விஷவாயுவைச் சோதித்துக்கொண்ட மனுஷர். மகனையும் விடவில்லை! சின்னப் பையனைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் வசனம் ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையன் கால் மடங்கி விழுந்தான். மீத்தேன் இலேசானது, கூரைப் பக்கம்தான் தேங்கும், தரையில் மூச்சு விடலாம் என்று பாடம்! அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் கண்மூடினார். கேனரி யோசனை சொன்னவரின் பிள்ளை நம்மூர்க்காரர்!

முதல் உலகப்போரிலும் கேனரி இருந்தது. எதிரியின் பதுங்குகுழிக்கு அடியில் சுரங்கம் தோண்டிய வீரர்களுக்கு விஷவாயுக் காவல். எடின்பரோ கோட்டையிலுள்ள போர் நினைவகத்தில் தளபதிகளின் நினைவோடு கேனரிக்கும் எலிக்கும் கல்லில் சிற்பம் வடித்திருக்கிறார்கள்!

அதே போரில் பிரிட்டனில் “கேனரிப் பெண்கள்” இருந்தார்கள். டி.என்.டி. வெடிமருந்தை நிரப்பிய தொழிற்சாலைப் பெண்களின் தோல் மஞ்சளாகிப்போனது. சிலருக்குப் பிறந்த குழந்தைகளும் மஞ்சள்!

இதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 1995 மார்ச் 20, டோக்கியோ பாதாள ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல். இரண்டே நாளில் ஃபூஜி மலைப் பக்கம், தாக்குதலை நடத்திய ஓம் ஷின்ரிக்கியோ மதக் கூட்டத்தின் முகாமுக்குள் போலீஸ் நுழைந்தது. முகமூடி, கவச உடை, நவீனக் கருவிகள் எல்லாம் உண்டு. முன்னால் போனவர் கையில்? கேனரிக் கூண்டு!

“அல்காட்ராஸ் பறவை மனிதன்” என்று பேர்வாங்கியவர் ராபர்ட் ஸ்ட்ரவுட். கொலைக் கைதி. சிறையிலேயே சுமார் 300 கேனரிகளை வளர்த்து, 1933-ல் கேனரி நோய்கள் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆனால் அல்காட்ராஸ் சிறையில் அவர் ஒரு பறவைகூட வளர்க்கவில்லை! வளர்த்ததெல்லாம் கான்சாஸின் லெவன்வொர்த் சிறையில். 1942-ல் அல்காட்ராஸுக்கு மாற்றியபோது பறவைக்கு அனுமதியே இல்லை. 1962-ல் அவர் கதை பர்ட் லங்காஸ்டர் நடிப்பில் சினிமாவாக வந்தது. அதைப் பார்க்கவும் அவருக்கு அனுமதி இல்லை!

சினிமா என்றதும் கார்ட்டூன் கேனரி ட்வீட்டி ஞாபகம் வருகிறதா? 1942-ல் முதல் படத்தில் ட்வீட்டிக்கு மஞ்சள் இறகே கிடையாது. இளஞ்சிவப்பு நிறத்தில் வெற்றுடம்புக் குஞ்சு! அம்மணமாக இருக்கிறது என்று ஆட்சேபம் எழுந்ததாம். அப்புறம்தான் மஞ்சள் இறகு. 1947-ல் வந்த படம் ஆஸ்கரையே தட்டிக்கொண்டு போனது!

பசிபிக் கடல் நடுவே மிட்வே என்றொரு துளித் தீவு. கடலடித் தந்திக் கம்பி நிலைய ஊழியர்கள் 1909-ல் பொழுதுபோக்காகக் கேனரிகளைக் கொண்டுபோனார்கள். 1910-ல் பறக்கவிட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இன்றைக்கும் அங்கே காட்டுப் பறவைகள். அட்லாண்டிக் குருவிக்குப் பசிபிக்கில் ஒரு பங்களா!

பெர்முடாவிலும் 1930-ல் முயன்றார்கள். தேவதாரு மரங்கள் பூச்சியால் பட்டுப்போயின. கேனரிகளும் மறைந்தன.

கேனரியின் தீனியான கேனரிப் புல் விதை உலகச் சந்தைக்குப் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? கனடாவிலிருந்து! அதில் ஒரு வகையை மனிதரும் சாப்பிடலாம் என்று அந்நாட்டு அரசே அனுமதித்துவிட்டது. குருவிக்குப் போட்டியாக நாம்!

நம் நாட்டில் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். கேனரி அயல்நாட்டுப் பறவை. அதனால்தான் வளர்ப்புப் பறவைக் கடைகளில் பகிரங்கமாக விற்கிறது!

கணினிக்குள்ளும் கேனரி நுழைந்தாயிற்று. நினைவகத்தை உடைத்து உள்ளே வரும் ஊடுருவலைக் காட்டிக்கொடுக்க, நிரலுக்குள் ஒரு ரகசிய எண்ணை ஒளித்துவைப்பார்கள். அது மாறினால் ஆபத்து என்று அர்த்தம். 1998-லிருந்து அதற்குப் பேர் கேனரி!

கூகுள் குரோமில் கேனரி என்றொரு பதிப்பு 2010-லிருந்து இருக்கிறது. புதிய வசதிகள் முதலில் அதில்தான் வரும். சரியாகச் சோதித்து முடிக்காதவை. பிழை இருந்தால் முதலில் மயங்கி விழுவது அதைத் தரவிறக்கிய நீங்கள்தான்!